எதிர் வீட்டு கிரே

டமாரென்று ஒரு சத்தம். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ் பதறி எழுந்தான். ஹால் நடுவில் பெயின்ட் டப்பாவை இறக்கிவிட்டு நின்றாள் அவன் மனைவி மெர்சி.

“இன்னா மெர்சி இது?”

“ஹாலுக்கு வேற கிரே. ஞாயித்துக்கிழமை நம்ம வூட்டு ஜெபத்துக்கு ஜனம் வர்றதுக்குள்ள அடிச்சாகணும்.”

“கிறிஸ்துமஸுக்குத்தானே பெயின்டர் வச்சு கிரே அடிச்சோம்?”

“எதிர் வூட்டுக்குப் புதுசா வந்தாளே இசைவாணி, அவ ஹால் கிரேயைப் பாத்தியா? இன்னா பளபளப்பு! நம்மளுது சாம்பலை அள்ளிப் பூசினாப்ல கீது.”

“அவங்க ஹால்ல வெயில் விழுது. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“உனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

“ராத்திரி பூரா கார் கம்பெனி லைன்ல கிரே காரையே பாத்துகினு கீறேன். வூட்டுலயுமா? இன்னா கலருன்னு அவங்களையே கேட்டிருக்கலாம்ல?”

“அவகிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்.”

ஒரகடம் பெயின்ட் கடையில் ஒன்றுபோலவே இருந்த கிரே அட்டைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அரை நாள் செலவழித்து அவள் தேர்ந்தெடுத்த நிறம் அது. மைக்கேல்ராஜின் வார லீவு பிரஷ்ஷும் கையுமாகப் போனது.

ஞாயிறன்று இசைவாணியை மெர்சியே போய்க் கூட்டி வந்தாள். ஹாலுக்குள் கால் வைத்ததும் இசைவாணியின் முகம் விழுந்துவிட்டது. மெர்சிக்கு மனசு குளிர்ந்தது.

“இன்னாம்மா, கலர் புடிக்கலியா?” என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ஐயோ, பழைய கலரை ஏன்க்கா மாத்துனீங்க? வூடு பாக்க வந்த அன்னைக்கு உங்க ஹாலைப் பாத்து வயிறெரிஞ்சுபோய், உங்க பெயின்டரையே தேடிப் புடிச்சு, அதே கலரைத்தானே நான் அடிச்சேன்!”