நினைவு ஜெபச் சீட்டு

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுதி நீட்டிய சீட்டை அக்கா இரண்டாம் முறையாகப் படித்தாள்.

இறந்தவரின் பெயர். கீழே, உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. அதற்கும் கீழே இறந்த தேதி.

பெயர் ஒன்றாக இருக்கலாம். தேதியுமா?

அந்த எபிஸ்கோப்பல் ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்களைத் தன்னோடு உட்காரவைத்து வழிகாட்டுவது அக்காவின் பொறுப்பு. எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்கால்படியிடுவது, ஜெபப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். 'பக்கம் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இன்று வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். எங்கே தப்பான நேரத்தில் எழுந்துவிடுவோமோ என்று பயந்து, அக்கா அசைந்தால் மட்டும் அசைந்துகொண்டிருந்தாள். இங்கே இறந்தவர்களையும் பெயர் சொல்லி ஜெபிப்போம், அவர்களும் நம் சபைதான் என்று அக்கா சீட்டைக் கொடுத்தபோதுதான் அவள் முகத்தில் உயிர் வந்தது.

"என்னையும் இந்த சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் அக்கா," என்று கிசுகிசுத்தாள். "ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்ல எனக்குப் பொறுப்பு இருக்கு, திங்கக்கிழமை வந்துடுறேன்னு கிளம்பிடுவார்."

அக்கா அந்தச் சீட்டையும் மற்றவற்றோடு அடுக்கினாள்.

சீட்டுகளைச் சேர்த்து முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பதும் அக்காதான். மொத்தம் ஏழு. எழுந்து நடந்தாள்.

ஏழில் இரண்டில் ஒரே பெயர்.

பெயர்களை வாசிக்கிறவர் கண்டிப்பான ஆள். எழுதியதை எழுதியபடி வாசிப்பார். ஒரே பெயரை இரண்டு தடவை வாசித்தால் சபையே திரும்பிப் பார்க்கும். அவளும் பார்ப்பாள்.

ஒன்றை உருவிவிட வேண்டும்.

குண்டு எழுத்துச் சீட்டின் மேல்தான் விரல் போய் நின்றது. கசக்கி எறிந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவளுக்குக் கேட்கிற தைரியம் கிடையாது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவாள். இனி வரவும் மாட்டாள்.

வாசிக்கிறவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா நிற்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அக்கா ஆறு சீட்டுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஒவ்வொரு பெயராக வந்தது. நாலாவதாக அந்தப் பெயர். ஒரே ஒரு முறை.

பக்கத்தில் இருந்தவள் முன்பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அக்காவின் கைக்குள் கசங்கிக் கிடந்தது தன் கையாலேயே எழுதிய சீட்டு. எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் எழுதுவது. அதிலும் உறவு, கணவர்தான்.

வந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "அவர் எங்கக்கா உட்காருவார்?"

முப்பத்தொரு வருடம். ஞாயிறுதோறும் அக்காவை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை காரிலேயே சாய்ந்து தூங்குவார். கெஞ்சியும் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று. உள்ளே வந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கும் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அக்கா பெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கதாம்மா. நீ உட்கார்ந்திருக்கிற இடந்தான்."

அடுத்தது பாவ அறிக்கை. சபை முழங்கால்படியிட்டது.