முதல் இலை

அரிசிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம். கல்யாணத்தில் முப்பது இலைக்கு மேல் போட்டால் கேஸ். ராயபுரத்து மளிகைக்கடை ராமசுப்பு, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைத் திட்டாத நாளில்லை.

"மனுசனுக்குத் தன் வீட்டுல நாலு பேருக்குச் சோறு போடச் சுதந்திரம் இல்லையே, தண்டபாணி. சட்டம் மட்டும் இல்லேன்னா, முதல் பந்தியில முதல் இலை உனக்குத்தான்."

கட்டுமரக்காரன் தண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ சொன்னதே போதும் அண்ணாச்சி. வயிறு ரொம்புன மாரி கீது."

கல்யாணத்துக்கு முதல் நாள் கண்ட்ரோலை எடுத்துவிட்டார்கள். தெருவே வெடி வெடித்தது. ராமசுப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் இலை போட்டதுமே தண்டபாணி முதல் இலையில் உட்கார்ந்தான்.

"எந்திரி, அது எனக்குச் சொன்ன இலை" என்றார் மரக்கடை உச்சிமாகாளி.

"இன்னாது? என்னாண்டதான சொன்னாரு" என்று மீன்காரப் பவுனம்மாள் நடுவில் புகுந்தாள். வாசலுக்கு வெளியே தெருமுனை வரை ஆள் நின்றது. அண்ணாச்சி யாரிடம்தான் சொல்லவில்லை?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏட்டு பொன்னுரங்கம் வந்தார். கல்யாண வீடுகளில் இலையை எண்ணிக் கேஸ் போடுகிறவர் அவர்தான். ராமசுப்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்கய்யா. சட்டத்தை எடுத்தது புரளிதானே? முப்பது பேருக்கு மேல இருக்குற எல்லாரையும் வெரட்டுங்க."

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எண்ண வரல அண்ணாச்சி. எனக்குன்னு சொன்னீங்களே, அந்த மொத எல எது?"