இன்னும் டேக்தான்

“‘டேக்’ங்கற ஒரு வினைச்சொல் மட்டும் கைக்கு வந்துடுச்சுன்னா, மிச்ச இங்கிலீஷ் தானா பின்னால ஓடி வரும்.”

நாய்க்குட்டி மாதிரி என்பாரா, கன்னுக்குட்டி மாதிரி என்பாரா, ஜோசப் ஆனந்துக்கு அது மட்டும் நினைவில்லை.

சொன்ன அமலநாதன் மாமா இதோ எதிரில் நிற்கிறார். அதே ஹால். அதே பச்சைப் பலகை. பலகையில் அதே டேக்.

அப்போதெல்லாம் பகலில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, சாயங்காலம் மாமா வீட்டில் இங்கிலீஷ். அரை டிராயரோடு ஆனந்த் உட்கார்ந்த பெஞ்சுகளில் இப்போது வேலை முடிந்து வரும் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்ச் மட்டும் அன்று போலவே ஆடியது. ஐம்பதை நெருங்கும் ஆனந்த் அதில்தான் உட்கார்ந்திருந்தான்.

பிரெஞ்சு தேசத்து லியோனிலிருந்து அவனை வரவழைத்தது தங்கை லூர்துசெல்வியின் போன்.

“அண்ணே, மாமாவுக்கு மறதி முத்திடுச்சு. ஒரு வருஷமா ஒரே பாடத்த நடத்திட்டு இருக்காரு. குருசுக்குப்பமே சிரிக்குது. காலாப்பட்டுல ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்கேன். நீ வந்து சொன்னாத்தான் கேப்பாரு.”

அவன் நம்பவில்லை. கண்ணால் பார்க்கலாம் என்று வந்து உட்கார்ந்திருந்தான்.

மாமா பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக “ப்ரெஸான்” என்றார்கள். இங்கிலீஷ் வகுப்பில் பிரெஞ்சில் ஆஜர் சொல்வது அந்த வீட்டு வழக்கம். ஆனந்தின் உதடும் தானாக அசைந்தது.

“லாஸ்பேட்டையில விமானம் மேல கிளம்புது. அதுக்கு என்ன சொல்லுவோம்? ஜஹபர் நிஷா?”

“டேக் அவே, சார்.”

“அது பிரியாணிக்கும்மா.”

வகுப்பு சிரித்தது.

“ஹேமலதா, டாக்டர் உன்ன ஓய்வெடுக்கச் சொல்றாரு. எப்படிச் சொல்லுவாரு?”

“டேக் பெட், சார்.”

“கட்டிலத் தூக்கிட்டு எங்கம்மா போவ?”

மறுபடி சிரிப்பு. முன் பெஞ்சில், வலது கையை மடியில் கிடத்தியிருந்தவர் மட்டும் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார்.

“வெற்றிவேல், நீ சொல்லுப்பா. விமானம்.”

வெற்றிவேல் வாயைத் திறந்தார். மூடினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“டேக்...”

கண்ணாடியின் அடுத்த பக்கத்தையும் துடைத்தார்.

“டேக்... ஆஃப்.”

“அதான். இவங்களுக்கு நீயே எடுத்துச் சொல்லு. என்னால ஆவல.”

வகுப்பு முடிந்தது. வெற்றிவேல் இடது கையால் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். ஆனந்த் மாமாவிடம் போனான்.

“மாமா, நாங்க டேக்க ஒரே வாரத்துல முடிச்சோமே. இவங்களுக்கு ஏன் இன்னும் இதுவே ஓடுது?”

மாமா பலகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“இதுவேவா? நேத்தும் இதான் நடத்துனேனா? எனக்கு ஞாபகம் இல்லியேடா.”

லூர்து சொன்னது சரிதான். ஆனந்த் வெளியே வந்து காலாப்பட்டு ஹோமுக்குப் போன் செய்தான். நாளைக்கே மாமாவை அழைத்து வருவதாகச் சொல்லி வைத்தான்.

வாசலில் ஜஹபர் நிஷா ஸ்கூட்டரில் சாய்ந்தபடி போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். தடங்கலில்லாத இங்கிலீஷ். விமானம் டேக் ஆஃப் ஆகத் தாமதமாகும், பதறாமல் சென்னைக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாலே போதும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை ஆனந்த் காத்திருந்தான்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“டிராவல் ஆபீஸ் சார். ஃபிளைட் டிக்கெட் போட்டுக் குடுக்கறேன்.”

“அப்ப உள்ள டேக் அவேன்னு சொன்னது? வயசானவரு, மறதி வேற. எல்லாருமா சேந்து அவர வச்சு விளையாடறீங்களா?”

அவள் கோபப்படவில்லை. ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வெற்றிவேல் அண்ணன் ஓட்டல் ரிசப்ஷன்ல இருந்தவரு சார். எங்களோடதான் படிச்சாரு. போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. இங்கிலீஷ் மட்டும் இல்ல, தமிழும்தான். தேறி வந்தப்ப இங்க டேக் பாடம் ஓடிட்டு இருந்துச்சு. அத முடிச்சு நாங்க அடுத்ததுக்குப் போனோம். அவரு வர்றதையே நிறுத்திட்டாரு. வீட்லயும் வாயத் திறக்கல.”

“அப்புறம்?”

“எங்க யாருக்குமே டேக் சரியா வரல, சார் மறுபடி முதல்லேந்து நடத்துறாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தோம். இப்ப வீட்ல பேர் சொல்லிக் கூப்புடறாராம். அவங்க அக்கா வந்து சொல்லிட்டு அழுதாங்க.”

“இது மாமாவுக்குத் தெரியுமா?”

“நல்லா கேட்டீங்க. யாரு என்ன தப்பு சொல்லணும்னு மதியமே போன் பண்ணிச் சொல்லிக் குடுக்கறதே அவருதான். போன வாரம் பழைய தப்பையே திரும்பச் சொல்லிட்டேன். ஆடி மாசம் சொன்ன தப்புமா அது, வெற்றிவேல் கண்டுபிடிச்சிட மாட்டானான்னு பிடிச்சுத் திட்டினாரு. அவருக்கா சார் மறதி?”

ஸ்கூட்டர் கிளம்பியது.

உள்ளே வெற்றிவேல் ஏதோ சொல்ல வாயெடுத்து நின்றிருந்தார். “டேக் யுவர் டைம்ப்பா,” என்றபடி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆனந்த் மறுபடி காலாப்பட்டுக்குப் போன் செய்தான். அறை வேண்டாம் என்றான்.

மறுநாள் சாயங்காலம் மாமா கடைசியாக, “ஜோசப் ஆனந்த்” என்று கூப்பிட்டார்.

“ப்ரெஸான்,” என்ற ஆனந்த், முதல் கேள்விக்கே தப்பாகப் பதில் சொன்னான்.