நொடிக்கு அறுபது படம்

“பொண்ணு திங்கட்கிழமை வேலைக்கு வெளியூர் போறா. இதுவரைக்கும் நாங்க பிரிஞ்சு இருந்ததே இல்ல. தினமும் லேப்டாப்ல முகம் பார்த்துப் பேசியாகணும் தம்பி” என்றார் அந்த அம்மா.

விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்தால் கடைக்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“அப்போ நல்ல மைக், ஸ்பீக்கர் உள்ளதா எடுங்கம்மா.”

“அதெல்லாம் வேணாம். கேமராதான் ஒசத்தியா வேணும்.”

“சாதாரண கேமராவே நொடிக்கு முப்பது படம் எடுக்கும்மா. அறுபது எடுக்கிறது ஓடியாடுற ஆளுங்களுக்கு. நீங்க உட்கார்ந்துதானே பேசப் போறீங்க? எதுக்கு வீண் செலவு?”

“அறுபதே குடுங்க.”

கடைக்காரர், பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மகளிடம் முறையிட்டார். “ஏம்மா, நீயாவது அம்மாவுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர் என்று முணுமுணுத்தபடி அவர் கேமராவை இயக்கினார்.

அம்மா போய் மகளின் தோளைத் தொட்டு அழைத்துவந்து லேப்டாப் முன் நிறுத்தினார். மகளின் பத்து விரல்களும் காற்றில் மின்னல் வேகத்தில் அசையத் தொடங்கின. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“வீட்டுல பழைய லேப்டாப்ல பேசிப் பார்த்தப்போ விரலெல்லாம் கலங்கிடுச்சு தம்பி, இவ சொன்னதுல பாதி புரியல. இதுல ஒரு வார்த்தைகூடத் தப்பல!”

கடைக்காரரின் குரல் தணிந்தது. “என்னம்மா சொல்றாங்க?”

“‘வந்ததுலேருந்து இவர் வாய் மூடவே இல்லையே, தாடை வலிக்காதா?’ன்னு கேக்கிறா.”