பூட்டிய அறையில் ரீங்காரம்

மகளின் அறைக்கு முன்னால் அப்பா விறைப்பாக நிற்கிறார். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு அவள் போன அன்று, "எனக்கு மகளே இல்லை" என்று சொல்லி அவர் பூட்டிய கதவு இது. கொல்லைப்புறத் தேன்பெட்டிகளில் தேனீக் கூட்டம் பெருகும்போதெல்லாம் இரண்டாகப் பிரித்துவைத்தவள் அவள்தான். இந்த வருடம் பிரிக்க ஆளில்லை. இடம் போதாமல் பாதிக் கூட்டம் காலையில் கிளம்பி, உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக இந்த அறைக்குள் புகுந்துவிட்டது. கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சக் கோட்டில் சின்னச் சின்ன நிழல்கள் ஓடுகின்றன. தலை பின்னும்போது வாய் திறக்காமல் அவள் முனகுவாளே, அதே சுருதியில் உள்ளே ரீங்காரம்.

"சட்டுனு திறங்க. கூடு கட்ட ஆரம்பிச்சா அப்புறம் கிளப்ப முடியாது," என்கிறாள் அம்மா, காலிப் பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி. "சொன்னா சொன்னதுதான்," என்கிறார் அவர். "பாவம், உங்க கௌரவம் தேனீக்குத் தெரியல. கேக்காமலே உள்ள போயிடுச்சு." அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுக்கிறார். பூட்டுக்குப் பக்கத்தில் கை தயங்குகிறது. வளர்ந்த பெண்ணின் அறை என்று அந்தக் காலத்தில் செய்ததுபோலவே, விரலை மடக்கிக் கதவை மெல்லத் தட்டுகிறார். உள்ளே ரீங்காரம் குபீரென்று உயர்ந்து அடங்குகிறது. "வாங்கப்பா" என்ற குரலுக்காக, சாவியைப் பிடித்தபடி அவர் காத்து நிற்கிறார்.