பெய்ஷென் தாத்தாவின் கார் நிறுத்தம்

பெய்ஷென் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, எங்கள் முற்றத்தில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஊஞ்சல் பக்கம் போகவில்லை. நடுவில் இருக்கும் வட்டமான மண்தரையை மட்டும்தான்.

“விடுங்கண்ணே, மறுபடி கொட்டப்போகுது” என்றேன்.

“கொட்டினா மறுபடி தள்றேன். எனக்கென்ன, ஆபீசுக்கா நேரமாகுது?”

அந்த வட்டத்துக்காக அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே முற்றம். அதிலிருந்த விளையாட்டுத் திடல் துருப்பிடித்துக் கிடந்தது. போன வசந்தத்தில் நகராட்சியிலிருந்து மீரிம் என்ற பெண் வரைபடத்தோடு வந்து எல்லோரையும் முற்றத்தில் கூட்டினாள்.

“நீங்க சொல்றபடிதான் கட்டுவோம். குழந்தைங்க சொல்றதையும் கேட்போம்.”

குழந்தைகள் ஒரே குரலில் கேட்டது, ஏறிச் சறுக்குகிற மரக்கப்பல்.

“கடலே இல்லாத நாட்டுல கப்பலா!” என்றான் மூன்றாம் மாடி குபாட். ஆனாலும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மீரிம் அதை வரைபடத்தில் முற்றத்தின் நட்டநடுவில் வரைந்தாள்.

என் மனைவி புருல் அன்று படுக்கையை விட்டு எழுந்து, “நானும் வந்து படத்தைப் பார்க்கணும்” என்று பிடிவாதம் பிடித்தாள். சால்வையைப் போர்த்தி என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அவள் உடம்பு இனித் தேறாது என்பது முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பெய்ஷென் அண்ணன் எழுந்தார்.

“நடுவுல எதுவும் வேண்டாம்மா.” கைத்தடியால் தரையில் பெரிய வட்டம் ஒன்று கீறினார். “இவ்வளவு இடத்தை வெறுமனே விட்டுடுங்க.”

“எதுக்கு மாமா?”

அவர் நாங்கள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“இருக்கட்டும்.”

மூன்று பிள்ளைகளைப் பெற்ற வெனெரா விடவில்லை. “எதுக்கா? ஓரத்துக் கொட்டகை பத்தலையாம், அவரோட ஓட்டைக் காரை நிறுத்தத்தான்! குழந்தைங்க கப்பலைக் கொன்னுட்டு அங்க கார் நிக்கணுமாக்கும்!”

“ரப்பர் தரையாவது போட்டுடலாமே மாமா?” என்றாள் மீரிம்.

“வேண்டாம். மண்ணாவே இருக்கட்டும்.”

“பின்னே? கார்ல எண்ணெய் ஒழுகி ரப்பர் கறையாயிட்டா?” என்றான் குபாட். ஒரே சிரிப்பு.

பெய்ஷென் அண்ணனின் காது சிவந்தது.

வட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். அவர் கை எழுந்தது. என் பக்கத்தில், சால்வைக்குள்ளிருந்து, புருலின் கை எழுந்தது. வேறு யாரும் தூக்கவில்லை.

“சரி, ஒண்ணு செய்ங்க” என்றார் அவர். “ ஓரத்துல என் கார்க் கொட்டகை நிக்குது. அதைப் பிரிச்சுட்டு அங்க கப்பலை வைங்க. நடுவை மட்டும் எனக்காக விட்டுக் கொடுங்க.”

அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

“பாத்துக்கிட்டே இருங்க” என்றாள் வெனெரா. “கொட்டகை போச்சேன்னு நாளைக்கே நடுவுல கொண்டாந்து நிறுத்துவாரு.”

மாடிப்படி ஏறும்போது புருலைக் கேட்டேன். “எதுக்குக் கை தூக்கினே?”

“இருக்கட்டுமே” என்று அவளும் அதையே சொன்னாள்.

கோடையில் எல்லோரும் கூடி வேலை செய்தோம். கொட்டகைத் தகரத்தை முதலில் கழற்றியவர் பெய்ஷென் அண்ணன்தான். அங்கே கப்பல் நின்றது. மீதி இடமெல்லாம் ஊஞ்சல், ஏணி, பச்சை ரப்பர் தரை. நடுவில் வெறும் மண். குழந்தைகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: பெய்ஷென் தாத்தாவின் கார் நிறுத்தம்.

ஆனால் கார் அங்கே வரவில்லை. வெளியே தெருவில், மழையில் நின்றது.

“நாம பேசின பேச்சுக்கு வெட்கப்பட்டுட்டாரு” என்றாள் வெனெரா.

இலையுதிர் காலத்தில் புருல் போய்விட்டாள்.

காலையில் லாரி வந்தது. கம்பளிகளும் கழிகளும் இறங்கின. எங்களில் யார் இறந்தாலும் வீட்டுக்குள் கிடத்த மாட்டோம். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழ வேண்டும். கடைசியாக அதிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மாடி வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் அது மாறவில்லை. விளையாட்டுத் திடலுக்குப் படம் வரைய உட்கார்ந்த அன்று அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

கழிகளைச் சுமந்து வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். இந்தப் பக்கம் கப்பல். அந்தப் பக்கம் ஊஞ்சல். முளை அடிக்க மண் எங்கே?

“இங்க வாங்கப்பா” என்று குரல் கேட்டது. பெய்ஷென் அண்ணன் அந்த வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கூடாரம் அளவெடுத்தது போல அதற்குள் அடங்கியது.

தேநீர்க் கெண்டியோடு வந்த வெனெரா அப்படியே நின்றாள். பிறகு கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக் கூடார வாசலைக் கூட்ட ஆரம்பித்தாள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பெய்ஷென் அண்ணனிடம் கேட்டேன். “இதுக்குத்தான்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. எவ்வளவு பேச்சு வாங்கினீங்க!”

“எப்படிடா சொல்றது? உன் பக்கத்துல புருல் உக்காந்திருந்தாளே.”

“அவதான் உங்களுக்குக் கை தூக்கினா.”

“பாத்தேன்” என்றார்.

பனி தள்ளிய மறுநாளே அவரும் போய்விட்டார். அவருக்கும் அந்த மண்ணில்தான் கூடாரம் எழுந்தது.

குழந்தைகள் இன்னும் அந்த இடத்தைப் பெய்ஷென் தாத்தாவின் கார் நிறுத்தம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இதுவரை ஒரு கார்கூட நின்றதில்லை.