வலைத்துணி ஜாக்கெட்

பைக்கில் வேலைக்குப் போக ஜாக்கெட் கேட்டு வந்த மெஹராஜ் பேகத்திடம், கடைக்காரர் நடராசன் வலைத்துணி ஜாக்கெட்டை நீட்டினார்.

"சித்திரை வெயிலுக்கு இதுதாம்மா. கெட்டித்துணி போட்டா வெந்துடுவீங்க."

"கல்லு பட்டா தாங்குமா?"

"விழுந்தா தோளு, முதுகுக்கெல்லாம் உள்ள பேட் இருக்கு."

"விழ மாட்டேங்க. முப்பதுக்கு மேல ஓட்டுறதே இல்ல."

"அப்புறம் என்ன பயம்?"

சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. "நான் சர்வேயருங்க. நாளைக்குப் பூதலூர்ல பஞ்சநதம்ங்கிறவர் வயலை அளக்கணும். அவர் தம்பி மனு கொடுத்திருக்கார். போன தடவை அளக்கப் போனவர் மண்டை, முதுகெல்லாம் கல்லடி பட்டுத் திரும்பினார்."

நடராசன் வலைத்துணியை மெல்ல மடித்து வைத்தார்.

"கெட்டித்துணியே எடுத்துக்குங்கம்மா. அந்தத் தம்பி நான்தான். எங்க அண்ணி வயல்ல கவண் சுத்திக் கிளி விரட்டுறவங்க, குறி தப்பாது."